அடப்பம் திறந்த பேரனுக்கு

ஏல பேராண்டி, வந்தது வந்துட்ட. கையில வச்சிருக்கியே அந்த மெஷினு, அதை மொதல்ல கீழ வை. நிமிசத்துக்கு எத்தனையாயிரம் சுத்து சுத்தும்னு டப்பாவுலயே அச்சடிச்சிருக்கானாக்கும்? நல்லது. பல்லு டாக்டர் யாருக்காவது ஒதவும். நம்ம கத்திக்கு ஆகாது.

என்ன சொன்ன? தாத்தா கத்தி ஏழையும் ரெஸ்டோர் பண்ணி, முகம் பாக்க அளவுக்குப் பளபளன்னு ஆக்கிருவியா? முகம் பாக்கதுக்குத்தாம்ல கண்ணாடின்னு ஒண்ணு செஞ்சு வச்சிருக்கான். என் கடையிலயே நாலு மாட்டியிருந்தேன். கத்தி மழிக்கதுக்கு.

கோவிச்சுக்கிடாத, சந்தோசத்துலதான் சொல்லுதேன். இந்த அடப்பத்தை ஒங்கப்பன் இத்தனை வருசமா பரண்ல போட்டு எலிக்குக் காவல் வச்சிருந்தான். பேங்கு வேலை கெடைச்சதுலருந்து அந்தத் தோல்பையைப் பாத்தாலே அவனுக்கு ஆகாது. பொண்ணு வீட்டுக்காரங்க வந்த அன்னைக்கு அதைச் சாக்குக்குள்ள திணிச்சு மாட்டுத் தொழுவுல வச்சிட்டான். நீ இப்ப அதையே ‘ஹெரிட்டேஜ்’ங்க. போட்டோ புடிச்சுப் போட்டா கண்டவனெல்லாம் கையெடுத்துக் கும்புடுதானாம். கத்தி அன்னைக்கும் இதே கத்திதான். களத்துமேட்டுல எங்கய்யா கடைசி ஆளா நின்னு நெல்லு வாங்குனப்ப எவனும் கும்புடல. சரி, அது கெடக்கு. கத்தியை எடு.

மொதல்ல கழுத்தைப் பாரு. பிடிக்குள்ள நுழையதுக்கு முன்னால இருக்கே, அங்கனதான் முத்திரை குத்தியிருப்பான். இதுல ஒரு நட்சத்திரமும் பக்கத்துல ஒரு சிலுவையும் தெரியுதா? ஜோசப் ராட்ஜர்ஸ், ஷெஃபீல்டு. எங்கய்யாவோட மச்சான் ஒருத்தரு தூத்துக்குடியில கப்பலேறிக் கொழும்புக்குப் போயி சலூன் வச்சாரு. திரும்பி வரும்போது இந்தக் கத்தியும் ஒரு டார்ச் லைட்டும்தான் மிச்சம். அந்தா, ரெட்டைப் பிள்ளைக கைகோத்து நிக்கே, அது சோலிங்கன், ஜெர்மனி. ஹெங்கெல்ஸ் கம்பெனி. அந்த முத்திரை 1731லருந்து இருக்கு.

எனக்கு எப்படித் தெரியும்னா முழிக்க? சலூன்ல ஒக்காந்து அம்பது வருசம் பேப்பர் படிச்சவம்ல நான். காத்திருக்க ஆளு சும்மாவா இருப்பான்? கப்பல்ல போனவன், பட்டாளத்துக்குப் போனவன், வாத்தியாரு, வக்கீலு எல்லாவனும் கழுத்தை நீட்டிக்கிட்டுக் கதை சொல்லிட்டுத்தான் போனான். கத்தி என் கையில இருந்ததால பொய்யும் கொஞ்சம் கொறச்சலாத்தான் சொன்னான்.

இந்த ரெண்டு ஊருக்கும் இருந்த தகராறு ஒனக்குத் தெரியுமா? சோலிங்கன்ல சில பேரு மட்டமான கத்தியைச் செஞ்சு ஷெஃபீல்டுன்னு குத்தி வித்தான். வெள்ளைக்காரனுக்கு ஆத்திரம் வந்து 1887ல சட்டம் போட்டான். இங்கிலீஷ் பேரை வச்சு ஏமாத்துத வெளிநாட்டுச் சரக்குல எந்த நாட்டுதுன்னு எழுதணுமாம். ‘மேட் இன் ஜெர்மனி’ன்னு நெத்தியில எழுதிட்டா ஒருத்தனும் சீண்டமாட்டான்னு நெனப்பு. நடந்தது என்ன? கொஞ்ச காலத்துல அந்த எழுத்தைப் பாத்துப் பாத்து வாங்க ஆரம்பிச்சிட்டான். அப்புறம் சோலிங்கன் பேரை மத்தவன் திருட, 1938ல ஜெர்மன்காரனே சட்டம் போட்டு அந்தப் பேருக்குக் காவல் வச்சான். திருடன் வீட்டுல பூட்டு ஏறுன கதை. அதனால முத்திரையைப் பாத்ததும் விழுந்து கும்புடாத. கத்தியைப் பாரு.

இன்னொண்ணு. கழுத்துல நாட்டுப் பேரு இருந்தா 1891க்குப் பிந்தினது, இல்லேன்னா முந்தினதுன்னு எவனோ வீடியோவுல சொன்னதை நேத்து என்கிட்டயே ஒப்பிச்ச. அது அமெரிக்காக்காரன் எறக்குமதிக்குப் போட்ட சட்டம்ல. நம்ம கத்தி போனது கொழும்புக்கு. ‘இங்கிலாந்து’ன்னு குத்தாம விட்டதுக்கு நூறு காரணம் இருக்கும். ஒங்க தாத்தா வயசையே ரெண்டு வருசம் கூட்டிப் போட்டுத்தான் பள்ளிக்கூடத்துல சேத்தாங்க, நீ கத்திக்கு ஜாதகம் கணிக்க வந்துட்ட.

இந்த ஷெஃபீல்டுல ‘காஸ்ட் ஸ்டீல்’னு சின்னதா இருக்கு பாரு. மூசையில உருக்குன எஃகு. பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன்னு ஒரு கடிகாரக்காரரு, ஸ்பிரிங்குக்கு நல்ல எஃகு கெடைக்கலன்னு 1740கள்ல அவரே உருக்கிப் பாத்தாரு. ‘ரொம்பக் கெட்டி, எங்களுக்கு ஆகாது’ன்னு ஷெஃபீல்டுக் கத்திக்காரங்க ஒதுக்கிட்டாங்க. பிரெஞ்சுக்காரன் அதை வாங்கிக் கத்தி செஞ்சு அவனுக ஊருக்கே கொண்டாந்து வித்த பெறகுதான் புத்தி வந்ததுன்னு சொல்லுவாங்க. நம்ம கொடுமணல்லயும் ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே மூசையில உருக்குனாங்க. வாயைத் தொறக்காத, நீ என்ன கேக்கப்போறேன்னு தெரியும். இது அந்த உருக்கு இல்ல. படத்துக்குக் கீழ ‘ஆதித் தமிழன் சவரக்கத்தி’ன்னு எழுதிப்போட்டு என் மானத்தை வாங்காத.

பேரே இல்லாமக் குட்டையா ஒண்ணு கெடக்கா? அது நம்மூர் ஆசாரி பட்டறையில அடிச்ச நாட்டுக்கத்தி. முத்திரை கெடையாது, எழுத்து கெடையாது. நெட்டுல அதுக்கு ஒரு பைசா தேறாது. ஓரமா வை.

துருவுக்கு வருவோம். செவப்பாப் பொடி உதிருதே, அதுதான் துரு, அதை எடுக்கணும். கருப்பா மங்கிக் கெடக்கே, அது வயசு. அது இரும்பை ஒண்ணும் செய்யாது, மேல ஒரு படலமா இருக்கும், விட்டுரு. நீயோ கருப்பைக் கண்டா கண்ணைக் கசக்குத. ஒங்கம்மா குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பாள்லா, அதே மாதிரி இதையும் புளித்தண்ணியில போடலாமான்னு கேட்டியே, கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைச்சிட்டு. புளி பித்தளைக்கு. எஃகுல அது துருவையும் தின்னும், துருவுக்குக் கீழ இருக்கதையும் தின்னும். எலுமிச்சம்பழம், வினிகரு எல்லாம் அதே சாதிதான். காலையில எடுத்துப் பாத்தா அம்மை விழுந்த மூஞ்சியா இருக்கும்.

வாயில மொதல்ல டேப்பை ஒட்டு, கத்திக்காக இல்ல, ஒன் விரலுக்காக. ஒரு பலகையில படுக்கப் போடு. தையல் மெஷின் எண்ணெயை நாலு சொட்டு விட்டு ஊறவிட்டு, தேய்ஞ்சுபோன வாட்டர் பேப்பரை ஒரு தக்கையில சுத்திக்கிட்டு, ஒரே போக்கா மெள்ளத் தேயி. வட்டம் போடாத. சொரசொரப்பு மழுங்குன தாளே போதும், புதுசு வேண்டாம். இந்தப் பட்டையில தங்கப்பூச்சுல ஒரு கொடி ஓடுது பாரு, கண்ணைச் சுருக்கிப் பாரு, வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பாரு. அதுமேல தாள் பட்டுச்சோ, ரெண்டு இழுப்புல கொடியும் போச்சு பூவும் போச்சு. அங்கன துணியும் எண்ணெயும் மட்டும்தான்.

மெஷின் ஏன் ஆகாதுன்னு இப்ப சொல்லுதேன். நல்ல சோலிங்கன் கத்தியை ரெண்டு பக்கமும் குடைஞ்சு எடுத்திருப்பான். முதுகு தடியா இருக்கும், கீழ வரவர நகத்துமேல வச்சு லேசா அழுத்துனாலே வளையத அளவுக்கு மெலிசாயிரும். அவ்வளவு மெலிசுல மெஷினை வச்சா கண்ணு மூடித் தொறக்கதுக்குள்ள சூடேறிரும். ஓரத்துல மயில் கழுத்து நீலம் பூக்கும். அழகா இருக்கேன்னு ரசிப்ப. பதம் எறங்கிப்போச்சுன்னு அர்த்தம். அப்புறம் எந்தக் கல்லுல தீட்டுனாலும் கூரு நிக்காது. பளபளன்னு இருக்கும், தேங்காய்க் கீத்தைக்கூட அறுக்காது.

அந்த நகத்துச் சோதனையை மறக்காதே. வாயை நகத்துமேல லேசா வளைச்சு, கோடி வரைக்கும் நகத்திக்கிட்டே போ. வெளிச்சம் ஒரே கோடா ஓடணும். ஓரிடத்துல வெட்டி வெட்டித் தெரிஞ்சா கீறல். வாயிலயே குழி விழுந்திருந்தாலும் அப்படித்தான். அதைச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டு, கன்னத்துல வைக்காத.

பிடிக்கு வா. ‘ஐவரி’ன்னு நீயே முடிவு பண்ணி ஊரைக் கூட்டியிருக்க. யானைத் தந்தமா இருந்தா 1972ல போட்ட வனவிலங்குச் சட்டம் இருக்கு, விக்க முடியாது, வாங்க முடியாது. பரம்பரைச் சொத்தா வச்சிருக்கதுக்கே ஓனர்ஷிப் சர்டிபிகேட்டு கேப்பான். வீடியோ போட்டேன்னா மொத லைக்கு வனத்துறைதான் போடுவான். ஆனா பயப்படாத, ஒங்க கொள்ளுத்தாத்தா தந்தம் வாங்குத தரத்துல இல்ல. கோடெல்லாம் நேரா, ஒரே சீரா ஓடுதுல்லா? செல்லுலாய்டு. தந்தத்தோட வெட்டுமுகத்துல கோடு குறுக்கும் நெடுக்குமா வலை பின்னியிருக்கும். சோதிக்கேன்னு ஊசியைக் காய்ச்சிக் குத்திராதே, செல்லுலாய்டு குப்புன்னு பத்திக்கிடும். பழைய சினிமாப் பிலிம் கொட்டகையோட எரிஞ்சதெல்லாம் இந்தக் குடும்பத்துச் சரக்கால வந்ததுதான்.

இந்தச் செல்லுலாய்டுக்கு இன்னொரு குணம் உண்டு. வயசானா உள்ளுக்குள்ளயே அழுக ஆரம்பிச்சு ஆசிட் ஆவியை விடும். வயித்தெரிச்சல் புடிச்ச பங்காளி மாதிரி கூடவே இருந்து கத்தியை அரிச்சிரும். நாலு கத்தி நல்லா இருந்து ஒண்ணு மட்டும் பிடிக்கு நேரா துருப்புடிச்சிருந்தா குத்தம் கத்தி மேல இல்ல, பிடி மேல. அதைக் கழட்டிரு. கழட்டதுன்னா சுத்தியலை எடுத்துப் போடுறது இல்ல. ஆணித் தலையை அரத்தால மெள்ள ராவி, அடியிலருந்து தட்டி எடுக்கணும். பித்தளை வளையம் ரெண்டு விழும், அதைப் பத்திரமா வை. மாட்டுக்கொம்புப் பிடின்னா தொடாதே, எண்ணெய் தேச்சு விடு. காஞ்சு வெடிச்சிராம இருந்தாப் போதும்.

இனிமே தீட்டதுதான். இதைப் படிச்சுக் கத்துக்கிட முடியாது, இருந்தாலும் ஒனக்குப் படிச்சாத்தானே தூக்கம் வரும். முதுகும் வாயும் ஒண்ணாக் கல்லுல படியணும். கத்தி செஞ்சவன் அந்த முதுகுத் தடிமனுக்குள்ளயே கோணத்தை ஒளிச்சு வச்சிருக்கான். நீ கெட்டிக்காரனா முதுகைத் தூக்கினேன்னா அவன் கணக்கு தப்பிரும். கல்லுல வாய் முன்னால போகணும், தோல் வார்ல முதுகு முன்னால போகணும். மாத்திப் போட்டா வார் ரெண்டா நிக்கும். திருப்பும்போது முதுகு தோலை விட்டு எந்திரிக்கவே கூடாது, வாய்தான் எந்திரிக்கணும். எல்லாம் அமுக்காம. கத்தியோட கனமே போதும், ஒன் கோவத்தையும் சேத்துப் போடாத. ஆயிரம் நம்பர் கல்லுல வாயை ஒழுங்குபடுத்து, பெறகு நாலாயிரம், எட்டாயிரம்னு ஏறு. எங்கய்யாவுக்கு நம்பரெல்லாம் கெடையாது, ஒரு கல்லு, ஒரு வார், கடைசியில உள்ளங்கை. நீ உள்ளங்கையில தேய்க்காதே. கம்ப்யூட்டர் கை அது.

எதுல சோதிக்கப்போற? கன்னத்துலயா? பலூனை ஊதி நொரை தடவி மழி. வெடிக்காம நாலு பலூனு தாண்டுனா ஒன் மாமனாரைக் கூப்புடு, எனக்கும் அவருக்கும் பழைய கணக்கு ஒண்ணு இருக்கு.

வெளையாட்டை விடு, இதைக் காதுல வாங்கு. ஒன் கத்தி ஒன் மூஞ்சிக்கு மட்டும்தான். தம்பிக்கு, சிநேகிதனுக்குன்னு சுத்துக்கு விடாத. 1986ல மெட்ராஸ்ல டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் சேந்து நம்ம நாட்டுல எச்.ஐ.வி. இருக்குன்னு மொத மொதல்ல கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் கொஞ்சங் கொஞ்சமா சலூன்ல ஆளுக்கொரு பாதி பிளேடுன்னு ஆச்சு. மஞ்சக்காமாலை பி-யும் ரத்தத்துல பரவும். நான் கடையில கத்தியை மூட்டை கட்டுனது அப்பதான். அதுவரைக்கும் ஜில்லெட்டாலகூட என்னை அசைக்க முடியல. அந்த ஆளு 1903ல விக்க ஆரம்பிச்ச வருசம் வித்தது மொத்தம் 51 ரேசரும் 168 பிளேடும்தானாம். அதோட நிறுத்தியிருக்கலாம்.

மழிச்சு முடிச்சதும் ஆணிக்குள்ள தண்ணி நிக்காமத் துடைச்சு, எண்ணெய் தொட்டு வை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாச்சுன்னா பிசுபிசுன்னு சிக்கு வாடை அடிக்கும். தோல் உறைக்குள்ள பூட்டி வைக்காதே, தோலு ஈரத்தை இழுக்கும். பிளேன்ல கைப்பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போகாதே, தாத்தா சொத்துன்னு சொன்னா அங்கன எவனும் உருகமாட்டான்.

ஆச்சு. ஆறையும் எடுத்துப் பையில வை, ராட்ஜர்ஸு, ரெட்டைப் பிள்ளை எல்லாம் ஒனக்குத்தான். அந்தக் குட்டைக் கத்தியை மட்டும் இங்கனயே விட்டுட்டுப் போ. வெலை போகாதுன்னு நெட்டுலயே போட்டிருக்கான்லா? எங்கய்யா கல்யாண மாப்பிள்ளைக்கு எடுத்ததெல்லாம் அந்த ஒண்ணைத்தான், நேத்துக்கூட அதுலதான் நான் மழிச்சேன்.