மஞ்சித் தட்டியும் மாடி வீட்டு மிக்ஸியும்

மாடி வீட்டு மிக்ஸிச் சத்தத்தை மஞ்சியால், அதாவது தேங்காய் நாரால், அடக்கிவிடலாம் என்று நம்பியவன் நான். பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி மில்லுக்கா பஞ்சம்? தேங்காய் மட்டை குவிந்து கிடக்க, பெட்ரோலியத்தில் பிறந்த ஃபோமைக் காசு கொடுத்து வாங்குவானேன் என்று வீட்டில் சொற்பொழிவே ஆற்றினேன்.

நாரை ஒட்டிச் சுவரில் மாட்டச் செய்த முதல் தட்டிக்குப் பசை மைதா. மஞ்சி மெத்தை செய்கிறவர்கள் ரப்பர் பால் தெளிப்பார்கள். நான் இயற்கையின் பக்கம் நின்று மைதா காய்ச்சினேன். ஐப்பசி மழையில் இயற்கையும் என் பக்கம் வந்து நின்றது: தட்டி முழுக்கப் பூஞ்சை, பின்னாலேயே வண்டு.

அடுத்து ரப்பர் பாலுக்கு மாறினேன். ஆனால் பார்வைக்குப் பலகைபோல் கச்சிதமாக இருக்கட்டுமென்று அம்மிக்கல்லை ஏற்றி நசுக்கினேன். நாரின் இண்டு இடுக்குகளில் காற்று அசைந்து உரசும்போதுதான் ஒலி வெப்பமாகிக் கரைகிறது. அந்த இடுக்கையே நெரித்தாயிற்று. மிச்சமிருந்ததைச் சுவரின் நிறத்துக்குப் பொருத்தமாய்ப் பூசிய எமல்ஷன் அடைத்துவிட்டது. கை தட்டினால் வெறுஞ்சுவர் போலவே பதில் சொன்னது.

பெயிண்ட் படாத, புசுபுசுவென்ற தட்டிகளை மாட்டிய பிறகு அறை நிஜமாகவே மாறியது. கை தட்டினால் ‘டப்’பென்று அங்கேயே அடங்கியது. 1895-இல் ஹார்வர்டில், பேச்சுப் புரியாத விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யப் போன சபைன் என்ற இயற்பியலாளர், இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு எதிரொலியை அளந்த கதையை மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

மேலே மிக்ஸி ஓடியது. துளியும் குறையவில்லை. அறைக்குள் அலைகிற ஒலியை உறிஞ்சுவது வேறு, வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது வேறு. தடுக்க எடை வேண்டும், ஓட்டையில்லாத அடைப்பு வேண்டும். கான்கிரீட் வழியே இறங்கும் அதிர்வுக்கு மிக்ஸியின் காலடியிலேயே ரப்பர் வேண்டும். தெருமுனை ஒலிபெருக்கியின் ‘தம் தம்’ இன்னும் மோசம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். அதை நன்றாகப் பிடிக்க அதில் கால்பங்கு, 85 சென்டிமீட்டர் ஆழமாவது தேவை. என் தட்டியோ இரண்டு விரல் தடிமன். சுவரைவிட்டுத் தள்ளி மாட்டியிருந்தாலாவது பலன் கொஞ்சம் கூடியிருக்கும்; நான் ஒட்டவைத்து ஆணி அடித்திருந்தேன்.

அறையின் எதிரொலி போனதில் ஒரு வசதி. முன்பு கசகசவென்று கேட்ட மாடி வீட்டுப் பேச்சு, இப்போது சொல் சொல்லாகக் கேட்கிறது. “ஏனுங்க, கீழ்வீட்டுக்காரரு எந்நேரமும் ஆணி அடிச்சுட்டே இருக்காரே, அந்தச் சத்தத்துக்கு ஏதாச்சும் பண்ண முடியாதுங்களா?”