சாவிக்காரன் சொல்றேன்

வா அப்பு, வா. செருப்ப அங்கிட்டே விட்டுட்டுப் பாத்து நட. ஆத்தங்குடிக் கல்லு, காலையிலதான் தேங்காண்ணெய் போட்டுத் தொடச்சேன், வழுக்கும். திண்ணையில ஒக்காரு. லேவாதேவிக்காரவுக லட்சக் கணக்குப் பேசுன திண்ணை இது. இப்ப நான் வெத்தலை இடிக்கிறேன்.

என்னமோ கேட்டியே? "தாத்தா, எத்தனை கோடி இருந்தா ஒரு ஆளு பணக்காரன்?" ஏண்டா, இதக் கேக்கவா மெட்ராசுலருந்து ராத்திரிப் பஸ் ஏறி வந்த? போன்ல ஏதோ கோடு ஏறுது எறங்குதுன்னு பாத்துக்கிட்டே இருக்கியே, அது சொல்லாதா? நேத்துச் சாப்புடையில நானும் பாத்தேன். கோடு பச்சையா இருந்தா இன்னுங் கொஞ்சம் சோறு கேக்குற. சிவப்பா இருந்தா பாதி இலையிலயே எந்திரிச்சிர்ற. தன் கைப்பக்குவத்துலதான் கோளாறோன்னு ஒங்க அப்பத்தா வெசனப்பட்டா. "அடி போடி, பம்பாயில எவனோ தும்மியிருக்கான், ஒன் ரசத்துக்கு ஒண்ணுமில்ல"ன்னு சொல்லித் தேத்துனேன்.

எனக்குத் தெரிஞ்சு இந்தத் தெருவுல பணக்காரன் நாந்தான். சிரிக்காத. இந்த வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. அறுபது சாவி, அம்புட்டும் என் இடுப்புல. வீட்டுக்காரவுக பதினாலு பங்காளி. ஒருத்தரு சிங்கப்பூரு, ரெண்டு பேரு அமெரிக்கா, மூணு பேரு ஒருத்தர் மேல ஒருத்தர் கேஸு. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ வருசத்துக்கு ஒருக்கா வந்து, "பெரியவரே, கொஞ்சம் சாவி குடுங்க"ன்னு எங்கிட்டக் கைய நீட்டுறாக. கேக்குறவன் பணக்காரனா, குடுக்குறவன் பணக்காரனா, நீயே சொல்லு. இந்த வளவுக் காத்துல நான் படுத்துத் தூங்குறதுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வேற.

நீயும்தான் பிளாட்டு வாங்கியிருக்க. இருபது வருசக் கடன். பத்திரம் யாருகிட்ட இருக்கு? பேங்க்குகிட்ட. அப்ப வீடு அவனோடது, நீ காவக்காரன். எனக்காவது காசு குடுத்துக் காவலுக்கு வச்சிருக்காக. நீ கைக்காசப் போட்டு அவன் வீட்டக் காவல் காக்குற. அதுலயும் பகலெல்லாம் ஆபீசு, வீட்டுல படுக்கக்கூட நேரமில்ல. இப்படி ஒரு வாட்ச்மேன் வேலை ஒலகத்துல இருக்குன்னு இம்புட்டு நாளாத் தெரியாமப் போச்சே அப்பு!

கோவிச்சுக்கிறாத. இந்தச் சுவத்தத் தடவிப் பாரு, மழமழன்னு இருக்கும். சுண்ணாம்போட கடுக்கா, வெல்லம், முட்டை வெள்ளைக்கரு எல்லாஞ் சேத்துப் பூசுனது. கொத்தனாருக்குக் கூழு, சுவத்துக்கு முட்டை. அந்தத் தூணு பர்மாத் தேக்கு, கப்பல்ல வந்தது. எங்க அய்யாவும் கப்பல்ல போனவருதான். ரங்கூன் மொகல் தெருவுல செட்டியாருக வட்டிக்கடை வச்சிருந்த கிட்டங்கியில சமையக்காரரு. ராத்திரியில வெத்தலையப் போட்டுக்கிட்டு அவரு சொன்ன கதைதான் எனக்குப் பள்ளிக்கூடம்.

செட்டியாருக யாரும் நெலம் வாங்கணும்னு பர்மா போகல. சம்சாரிக்குக் கடன் குடுக்கிறது, அறுப்புல வட்டியோட வாங்குறது, மறு நடவுக்குத் திரும்பக் குடுக்கிறது, இதுதான் தொழிலு. காசு ஓடிக்கிட்டே இருக்கணும். 1930-ல நெல்லு வெலை படுத்துச்சு பாரு, எல்லாம் நின்னு போச்சு. கடன்பட்ட பர்மாக்காரன் கையில நயாபைசா இல்ல. காசுக்குப் பதிலா வயலு வந்துச்சு. இப்படிச் சேந்து சேந்து 1938-ல கீழ்ப்பர்மா நெல்லு வயல்ல நாலுல ஒரு பங்கு இவுக பேருக்கு ஆகிப்போச்சு. ஏட்டுல பாத்தா குபேரன்தான். ஆனா விக்கலாம்னா வாங்க ஆளில்ல. மடியில கட்டிக்கிட்டு வரலாம்னா வயலு மடியில அடங்காது. அந்த ஊருக்காரனுக்கு வயிறு எரிஞ்சுச்சு. எரியாதா? தாத்தன் உழுத மண்ணுல பேரன் குத்தகைக்கு நிக்கிறான். நம்ம பக்கம் தேக்கப் பத்திப் பேசுவாக, பளிங்கப் பத்திப் பேசுவாக, அந்த வயித்தெரிச்சலப் பத்தி மட்டும் யாரும் வாயத் தொறக்க மாட்டாக.

1942-ல சப்பான்காரன் வந்துட்டான். கப்பல் கெடச்சவுக கப்பல்ல, கெடைக்காதவுக நடை. எங்க அய்யா நடை. காடும் மலையும் வாந்திபேதியுமா, கூட நடந்தவன் காலையில எந்திரிப்பானான்னு தெரியாத நடை. இந்த வீட்டுக் கடையில மேலாளா இருந்தவரும் கூடவே வந்தாரு. அவரு இடுப்புல துணி சுத்தி ஒரு பத்திரக் கட்டு, அம்புட்டும் வயக்காடு. எங்க அய்யா கையில ஒரு பித்தளைக் கரண்டி. வழியில ஒரு முகாம்ல கஞ்சி காச்ச ஆளில்லாமத் தவிச்சிருக்காக. கரண்டியப் பாத்ததும், "ஏய், நீ சமையக்காரனா? இங்கிட்டு வா"ன்னு கூப்புட்டாக. பத்திரத்தக் காட்டுன்னு ஒருத்தனும் கேக்கல. நாலு நாளு அய்யா காச்ச, மேலாளு வரிசையில நின்னு வாங்கிக் குடிச்சாரு. அய்யா அவருக்கு மட்டும் அடியில கிண்டி ஊத்துனாராம், மொதலாளி ஆளாச்சேன்னு.

1948-ல அங்க சுதந்திரம் வந்துச்சு, அந்த வருசமே நெலத்தச் சர்க்காரு எடுத்துக்கச் சட்டமும் வந்துச்சு. பத்திரக் கட்டு இந்த வீட்டுப் பெட்டகத்துல இன்னும் கெடக்கு. கரையான்கூடத் தொடல, அதுக்குப் பர்மாப் பாசை தெரியாது போல. கரண்டியா? நேத்து ஒனக்கு ரசம் ஊத்துனாளே அப்பத்தா, அது எதுல ஊத்துனான்னு நெனச்ச?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒருநா போயிட்டு வா. கதவு, தூணு, மங்குச் சாமான், ரவிவர்மா படம், எல்லாம் வெலைக்கு அடுக்கி வச்சிருக்கும். பங்காளி ஒத்து வராத வீடெல்லாம் பிரிச்சு அங்கதான் வருது. நெலையில லட்சுமி செதுக்கியிருக்கும். லட்சுமி உள்ள வரணும்னு செதுக்குனது. இப்ப நெலையோட சேந்து லட்சுமியும் லாரி ஏறிருச்சு.

வெவரமான ஆளுன்னா அழகப்பச் செட்டியாரு. காரைக்குடியில சிக்ரிங்கிற ஆராய்ச்சிக் கூடத்துக்காக 300 ஏக்கரும் 15 லட்சமும் தூக்கிக் குடுத்தாரு, 1948-ல நேரு வந்து கல்லு நாட்டிட்டுப் போனாரு. எல்லாரும் வள்ளல் வள்ளல்னு சொல்றாக. நான் கெட்டிக்காரருங்கிறேன். இன்னைக்கு அந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிற செலவு டில்லிக்காரனோடது, காவக்காரன் சம்பளமும் அவனோடது. இங்க பதினாலு பங்காளியும் வெள்ளையடிக்க ஆருக்கு எம்புட்டுப் பங்குன்னு பதினோரு வருசமாப் பேசிக்கிட்டிருக்காக. அதுக்குள்ள சுவத்துல ஆலங்கன்னு மொளச்சு எனக்கு நெழல் குடுக்குது.

நான் ஒருநா நெசமாவே பணக்காரனா இருந்தேன், ஒனக்குத் தெரியாது. நாலு வருசத்துக்கு முந்தி சினிமாக்காரவுக இந்த வீட்டுல படம் புடிச்சாக. ஊஞ்சல்ல ஒக்கார ஒரு பெரிய மனுசன் வேணும்னு தேடி, கடைசியில என்னையப் புடிச்சு ஒக்கார வச்சாக. பட்டு வேட்டி, கழுத்துல தாம்புக் கயிறு மாதிரி சங்கிலி. சட்டை தொளதொளன்னு இருந்துச்சுன்னு முதுகுப் பக்கம் இழுத்துப் புடிச்சு ஊக்குக் குத்திட்டாக. முன்னால பாத்தா மைனரு, பின்னால பூரா ஊக்கு. டைரக்டரு தம்பி, "பெரியவரே, இன்னுங் கொஞ்சம் பணக்காரத்தனமா இருங்க"ன்னாரு. நான் ஜம்முன்னு சாஞ்சு சிரிச்சேன். "சரியா வரல"ன்னாரு. கால் மேல கால் போட்டேன். "ம்ஹூம்." அப்பத்தான் மூத்த பங்காளி நெனப்பு வந்துச்சு. வந்தா மனுசன் ஒக்கார மாட்டாரு, ஓடு ஒடஞ்சிருக்கா, பூட்டு மாறியிருக்கா, தம்பி எந்த அறையத் தொறந்தான்னு மோட்டப் பாத்துக்கிட்டே நிப்பாரு. நானும் நெத்தியச் சுருக்கிக்கிட்டு மோட்டப் பாத்து ஒண்ணு ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சேன். "சூப்பர், ஓகே!"ன்னு கைதட்டிட்டாரு. சங்கிலியக் கழட்ட ஒருத்தன் ஓடி வந்தான். ஐநூறு ரூவாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் குடுத்தாக. பிரியாணி நல்லாருந்துச்சு.

அந்தா, ஒன் போன் கத்துது பாரு. எடுத்துப் பாத்துச் சொல்லு, பச்சையா சிவப்பா? பச்சைன்னா அப்பத்தாவ இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போடச் சொல்லணும், இப்பத்தான் ஒலை வச்சா.