வக்கீலுக்குப் பங்கா, ஃபீஸா?

கேள்வி: விபத்தில் கால் முறிந்தது. நஷ்டஈட்டில் கால் பங்கு கேட்கிறார் வக்கீல். கொடுக்கலாமா? (வாசகர், திண்டிவனம்)

பதில்: முறிந்தது உங்கள் கால், அதில் அவருக்கு ஏது கால் பங்கு? தீர்ப்பின் பலனைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், வரும் பணத்தில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. உழைப்புக்கு உரிய ஃபீஸை முன்பே பேசி, ரசீது வாங்கிக்கொண்டு மனதாரக் கொடுங்கள். வக்காலத்தோடு வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து கேட்டால் பேனாவை மூடிவிடுங்கள். ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்துவைக்கவும் முடியாது. 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வசதியில்லையா? பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு போன் செய்யுங்கள்.