பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு வாழ்த்து மடல்

கடலைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும் என்கிற ஞானம் எங்களுக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. புதுச்சேரிக்கு வடக்கே, காலாப்பட்டை ஒட்டிய மீனவ ஊர் பிள்ளைச்சாவடி. இங்கே கடல் ஓசியில் கிடைக்கிறது. சாதாரண நாளில் வாசலுக்கு வரும்; புயல் நாளில் கூடத்துக்கே வந்து உட்காரும். ஓசியில் கிடைப்பதற்கு என்ன மதிப்பு? இந்தக் குறையைத் தீர்க்கத்தான் புண்ணியவான்கள் சொகுசுக் கப்பல் என்று ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் முதல்முறையாக உல்லாசப் பயணம் போக எங்கள் வீட்டிலும் திட்டம் போட ஆரம்பித்திருக்கிறோம். திட்டம் வளர வளர, கப்பல் கட்டியவர்கள் மீதும் அதை ஆரத்தி எடுத்து வரவேற்கும் அரசுகள் மீதும் எனக்குப் பக்தி கூடிக்கொண்டே போகிறது. பாராட்டாமல் இருந்தால் நன்றி கெட்டவனாகிவிடுவேன்.

முதலில் கப்பலின் பெருமை. 2024 ஜனவரி 27 அன்று மயாமியிலிருந்து முதல் பயணம் புறப்பட்டது 'ஐகான் ஆஃப் த சீஸ்'. நீளம் 365 மீட்டர். அடுக்குகள் 20. உள்ளளவைச் சொல்லும் மொத்த டன் கணக்கில் 2,48,663. முழுகிப்போன டைட்டானிக் 46,328 டன்தான். அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல். அதிகபட்சமாக 7,600 பயணிகள் ஏறலாம், அவர்களைக் கவனித்துக்கொள்ள 2,350 ஊழியர்கள். கப்பலுக்குள் ஏழு நீச்சல் குளங்கள், ஆறு நீர்ச்சறுக்குகள். கடலுக்கு நடுவே ஏழு குளம் வெட்டிய அந்தத் தொலைநோக்கை என்னவென்று புகழ்வது! சுற்றிலும் தண்ணீர் இருக்கிறதே என்று மெத்தனமாக விட்டுவிடாமல், பயணிக்கு எங்கே தண்ணீர் கிடைக்காமல் போய்விடுமோ என்று பதறியிருக்கிறார்கள். பெற்ற தாய்கூட இப்படிப் பதற மாட்டாள்.

அறைகளின் சிறப்பு இன்னும் பெரிது. மிக மலிவான அறைக்கு ஜன்னல் கிடையாது. அதற்கு மேல் காசு கொடுத்தால் பால்கனி உண்டு, ஆனால் சில பால்கனிகள் கடலைப் பார்க்காமல் கப்பலுக்குள்ளேயே வளர்த்த பூங்காவைப் பார்த்து நிற்கும். இந்தக் கப்பலை ஓட்டும் கம்பெனியின் வேறு சில கப்பல்களில் ஜன்னல் இல்லாத அறையின் சுவரில் ஆள் உயரத் திரை ஒன்றை மாட்டி, வெளியே கேமரா பிடிக்கும் கடலை அதில் நேரலையாகக் காட்டுகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அசல் கடல், இந்தப் பக்கம் அதன் ஒளிபரப்பு. கடலில் போய்க்கொண்டே கடலை டிவியில் பார்க்கிற பாக்கியம் ராஜராஜ சோழனின் கப்பற்படைக்குக்கூட வாய்க்கவில்லை. உப்புக்காற்று கிடையாது, நனைய வேண்டியதில்லை, அலுத்துவிட்டால் அணைத்துவிடலாம். எங்கள் ஊர்க் கடலுக்கு அணைக்கிற சுவிட்ச் இன்னும் வரவில்லை.

பயண ஏஜென்ட் கொடுத்த கப்பல் வரைபடத்தை எங்கள் பெரியப்பா வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபர் படகு வரை ஆயுசு முழுக்கக் கடலில் கழித்தவர். உணவுக்கூடம், நாடக அரங்கு, சூதாட்ட அரங்கு, கடைத்தெரு எல்லாவற்றையும் விரலால் தடவிவிட்டு, "எல்லாம் சரிடா தம்பி, கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். படிக்காதவர். போகிற இடத்தை மறக்கடிப்பதுதான் உயர்ந்த பயணம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

கட்டண முறையின் நாகரிகத்தையும் சொல்லியாக வேண்டும். விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை ஓர் அடக்கமான விலை. அது தலைக்கு உள்ள கணக்கு, அதுவும் ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால், அதுவும் ஜன்னல் இல்லாத அறையில். பிறகு துறைமுகக் கட்டணம் வரும், வரி வரும். ஊழியர்களுக்கான அன்பளிப்பு வரும். அன்பளிப்பு என்றால் நாமாக மனம் குளிர்ந்து கொடுப்பது என்று எங்கள் பக்கம் நினைத்துக்கொண்டிருந்தோம். பெரிய அமெரிக்கக் கப்பல்களில் அது தலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 18 டாலர் என்று கணக்கிலேயே ஏறிவிடுகிறது. மனம் குளிர்வதற்காகப் பயணி காத்திருக்க வேண்டியதில்லை. இணையத்துக்குத் தனிக் காசு, குளிர்பானத்துக்குத் தனிக் காசு, கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கத் தனிக் காசு, கொஞ்சம் நல்ல சாப்பாட்டுக்குத் தனிக் காசு. "எல்லாம் உள்ளடக்கம்தானே சார்?" என்று நான் கேட்டதற்கு, "எல்லாம் உள்ளேதான் சார் இருக்கு" என்று ஏஜென்ட் பதில் சொன்னார். பொய்யே சொல்லாத மனிதர்.

சாராயம் பற்றிச் சொல்லாமல் புதுச்சேரிக்காரன் எழுத்து முடியுமா? அந்தக் கப்பல்களில் ஏறும்போது கையில் சாராயப் பாட்டில் எடுத்துப் போக விடமாட்டார்கள். உள்ளே பல மடங்கு விலை கொடுத்துத்தான் குடிக்க வேண்டும். குறைந்த விலைக்குக் குடிக்கவென்றே வெளியூர்க்காரர்கள் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வருகிற ஊரிலிருந்து, அதிக விலைக்குக் குடிக்கக் கடல் ஏறிப் போகிறோம். இதைவிடப் பெரிய தியாகத்தை எங்கள் மண்ணிடம் யாரும் எதிர்பார்க்க முடியாது.

அந்த மண்ணின் பண்பாட்டைக் காத்த எங்கள் அரசைப் பாராட்ட இதுவே நல்ல இடம். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைக்க, கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பல் தமிழகத்திலிருந்து பயணத்தைத் தொடங்கியது. விசாகப்பட்டினம் போய்ப் புதுச்சேரிக்கு வந்து சென்னை திரும்புவது ஏற்பாடு. கப்பலில் சூதாட்டம் உண்டு, எங்கள் பண்பாட்டுக்கு அது ஆகாது என்று புதுச்சேரி அனுமதி மறுத்தது. எதிரே வந்து நின்ற கப்பல் வந்த வழியே போயிற்று. சந்துக்குச் சந்து மதுக்கடை வைத்துப் பண்பாட்டைப் பதமாக ஊறவைத்திருக்கும் ஊர், அது கெடுவதை எப்படிப் பொறுக்கும்? பிரான்சின் சான் நசேரில் கட்டி 1990இல் ஓடத் தொடங்கிய கப்பல் அது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர், பிரெஞ்சுக்காரர் கட்டிய கப்பலை வாசலோடு திருப்பி அனுப்பியது என்று வரலாற்றில் எழுதிக்கொள்ளலாம். அப்போது மீன்பிடித் தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீனுக்கு இடைஞ்சல் இல்லாமல் எங்கள் ஆட்கள் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்ததால், கப்பலுக்கும் கடல் தாராளமாகக் கிடைத்தது.

அதே 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தது. பிள்ளைச்சாவடியில் கரையோர வீடுகள் சரிந்து கடலோடு போயின. கடல் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு 48,000 டன் கப்பலை ஒரு காகிதத்தால் தடுத்து நிறுத்திய அதே அரசு, கடலையும் ஒரு காகிதத்தால் நிறுத்திவிடும் என்று நம்பித்தான் ஊர் சனங்கள் சாலை மறியலில் உட்கார்ந்தார்கள். அறியாமைதான், வேறென்ன! சூதாட்டம் ஆடாத கடல் பண்பாட்டுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லையே.

பண்பாடு என்பது வளரக்கூடியது. மூன்றே ஆண்டுகளில் வளர்ந்துவிட்டது. 2025 ஜூலையில் அதே எம்பிரஸ் விசாகப்பட்டினத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்தபோது எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன, ஆனாலும் அனுமதி கிடைத்தது. கப்பல் கரையை ஒட்ட முடியாமல் தூரத்தில் நிற்க, பயணிகள் படகுகளில் ஏறிக் கரைக்கு வந்து ஊர் பார்த்தார்கள். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் காலத்திலும் சீமைக் கப்பல் தூரத்தில்தான் நிற்கும். சலங்கு என்கிற படகுகள் போய் ஆளையும் சரக்கையும் இறக்கி வரும். நடுவில் 1866இல் கடலுக்குள் இரும்புப் பாலம் போட்டுப் பார்த்தார்கள், 1952 புயல் கொண்டுபோய்விட்டது. முன்னூறு வருஷத்து மரபைச் சிந்தாமல் சிதறாமல் காப்பாற்றிய பெருமை எங்கள் துறைமுகத் திட்டக்காரர்களையே சேரும்.

துறைமுகம் கட்டவே இல்லை என்று யாரும் குறை சொல்லிவிட முடியாது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று வாயில் அலைத்தடுப்புக் கற்களைக் கடலுக்குள் நீட்டிக் கட்டினார்கள். பெருங்கப்பல் ஒட்ட அது உதவவில்லை. வேறு ஓர் அரிய சேவையைச் செய்தது. எங்கள் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். கல் குறுக்கே வந்ததும் மணல் தெற்கே தேங்கியது, வடக்கே நகரத்துக் கடற்கரை காணாமல் போனது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அங்கே கல் கொட்டினால் அதற்கடுத்த ஊர். ஒரு குடும்பத்துக் கடனை அடுத்த வீட்டுக்காரன் தலையில் எழுதிவிடுகிற மாதிரி, ஒவ்வொரு கல்வரிசையும் கடலின் பசியை வடக்கே தள்ளிவிட்டுத் தான் தப்பித்துக்கொண்டது. கடைசியில் அது எங்களிடம் வந்து நிற்கிறது. பிள்ளைச்சாவடி புதுச்சேரி, தெற்கே ஒட்டியிருக்கும் பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. மணலுக்கு மாநில எல்லை தெரியாது. கோப்புக்குத் தெரியும்.

நாங்கள் வருஷக்கணக்காகக் கேட்பது அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு ஒன்று, இல்லாவிட்டால் கரைக்கு மணலையாவது திருப்பிக் கொடுக்கிற ஓர் ஏற்பாடு. அது அவ்வளவு அவசரமாக ஆகக்கூடிய காரியமில்லை என்பது புரிகிறது. அவசரமான காரியங்கள் வேறு இருக்கின்றன. 2024 செப்டம்பர் 30 அன்று மத்திய அரசு 'க்ரூஸ் பாரத் மிஷன்' தொடங்கியது; 2029க்குள் நாட்டில் கப்பல் சுற்றுலாப் பயணிகளை இரட்டிப்பாக்குவது குறிக்கோள். ஐந்தாண்டில் எட்ட வேண்டிய இலக்கு, தேதி, எண்ணிக்கை எல்லாம் இருக்கிறது. கரையில் இருப்பவர்களை ஐந்தாண்டுக்குப் பிறகும் கரையிலேயே வைத்திருப்பது என்று இலக்கு வைத்தால் அதில் என்ன வளர்ச்சி இருக்கிறது? இருப்பதை இருக்கவைப்பது சாதனைக் கணக்கில் வராது.

கப்பலின் ஒழுக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். சட்டத்துக்கு அவ்வளவு கட்டுப்பட்டது. கரையிலிருந்து 12 கடல்மைல் வரை நாட்டின் எல்லை, அதுவரை சூதாட்ட அரங்கைப் பூட்டியே வைத்திருக்கும். எல்லை தாண்டியதும் திறந்துவிடும். கழிவுநீர் விஷயத்திலும் இப்படியே. சர்வதேசக் கடல் மாசு விதிப்படி, சுத்திகரிக்காத கழிவறை நீரை 12 கடல்மைலுக்கு அப்பால் ஓடிக்கொண்டே மெதுவாக வெளியேற்றலாம். பணத்தைத் தொலைக்கவும் மலத்தைத் தொலைக்கவும் ஒரே எல்லைக்கோடு என்பது எவ்வளவு எளிமை! சுத்திகரிப்புக் கருவி பொருத்தியிருக்கும் கப்பல்களும் உண்டு. அவை இந்தச் சலுகையைப் பயன்படுத்த வேண்டியதில்லை. சலுகை என்னவோ எல்லோருக்கும் இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு அப்பால் வலை போடுகிறவர்கள் யார் என்று மட்டும் விதி கேட்பதில்லை.

ஆகவே முதல் கப்பல் பயணத்துக்குத் திட்டமிடும் நண்பர்களுக்கு என் ஆலோசனை. தயங்காமல் போய் வாருங்கள். விளம்பர விலையை இரண்டால் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மனவருத்தம் இருக்காது. கடல் தெரியும் அறைக்கு அங்கே விலை கூடுதல். எங்கள் ஊரில் கடல் தெரியும் வீட்டை விற்க நினைத்தாலும் வாங்க ஆளில்லை, இந்த வித்தியாசத்தை முன்பதிவு செய்யும்போது ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முன் நேரமிருந்தால் பிள்ளைச்சாவடிக்கு வாருங்கள். காலாப்பட்டு பஸ்ஸில் ஏறினால் போதும். துறைமுகக் கட்டணம் கிடையாது, அன்பளிப்பும் கிடையாது. ஆனால் சீக்கிரம் வாருங்கள். கப்பலுக்கு அடுத்த வருஷத்துப் பயண அட்டவணை தயாராக இருக்கிறது, எங்கள் கரைக்கு அப்படி ஒன்றை எல்லைக்கு இரு பக்கமும் உள்ள இரண்டு அரசுகளில் ஒன்றுகூட இன்னும் போடவில்லை.