நம்பிக் கெடுவது எப்படி?

கமாண்ட் லைனில் ஓடுகிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள். பயனர் எதை உள்ளிட்டாலும் சரிபார்த்த பிறகே கையாள வேண்டும் என்று யாராவது உங்களை ஏற்கெனவே மிரட்டியிருப்பார்கள். இருபது வரியில் முடிவதை அறுபது வரிக்கு இழுப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். நம் முறையில் பயனர் நல்லவர், நிதானமானவர், தூக்கக் கலக்கத்தில் விசைப்பலகையைத் தொடாதவர். அவர் பெரும்பாலும் நீங்களேதான் என்பதால் சந்தேகப்படுவது மரியாதையும் இல்லை.

முதலில் காலி என்டரைக் கவனிப்போம், அதாவது கவனிக்காமல் விடுவோம். எந்த ஃபோல்டரைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். வந்த பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு, ஒரு நட்சத்திரம் ஒட்டி, அப்படியே ‘ஆர்எம் மைனஸ் ஆர்எஃப்’ கையில் ஒப்படையுங்கள். பயனர் ஒன்றும் சொல்லாமல் என்டரைத் தட்டினால் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. சாய்கோடும் நட்சத்திரமும்தான் மிச்சம். லினக்ஸில் அதற்குப் பொருள், இந்த இயந்திரத்தில் இருக்கிற அத்தனையும். வெறும் சாய்கோட்டை மட்டும் கொடுத்தால் இன்றைய ஆர்எம் ‘மாட்டேன்’ என்று அடம்பிடிக்கும். நட்சத்திரம் சேர்ந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஷெல் அதை முன்கூட்டியே ஒவ்வொரு ஃபோல்டராக விரித்துக் கொடுத்துவிடும். ரூட்டைத்தான் அழிக்கிறோம் என்பதே ஆர்எம்முக்குத் தெரியாது. எனவே நட்சத்திரத்தை மறக்காதீர்கள்.

இதற்குப் பெரிய இடத்து முன்னுதாரணமே உண்டு. லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்டில் இதே அமைப்பில் ஒரு வரி இருந்தது. தன் ஸ்டீம் ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றியிருந்த ஒருவர் 2015 ஜனவரியில் அதை ஓட்டினார். தான் எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்று ஸ்கிரிப்டுக்குப் பிடிபடவில்லை. மாறி காலியாகவே நின்றது. அவருடைய ஃபைல்கள் போயின, பேக்கப்புக்காகச் செருகி வைத்திருந்த வெளி டிஸ்கில் இருந்தவையும் சேர்த்து. அந்த வரிக்கு மேலே, எழுதியவரே ‘பயமாக இருக்கிறது’ என்ற பொருளில் ஒரு கமென்ட் போட்டு வைத்திருந்தார் என்பதுதான் நாம் கற்க வேண்டிய நுட்பம். பயமாக இருந்தால் கமென்ட் எழுதுங்கள், சோதனை எழுதாதீர்கள். பாஷில் மாறியின் பெயரை நெளிவு அடைப்புக்குள் போட்டு, அதன் பின்னால் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்தால், மாறி காலியாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். இரண்டே குறிகள்தான். கண்ணில் பட்டாலும் தாண்டிப் போய்விடுங்கள்.

மேற்கோள் குறிகளும் வேண்டாம். ‘கல்யாண போட்டோ பழையது’ என்று ஒரு ஃபோல்டரை அழிக்கச் சொன்னால், மேற்கோள் குறி இல்லாத ஷெல் அதை மூன்று பெயராகப் படிக்கும். ‘போட்டோ’ என்று தனியாக ஒரு ஃபோல்டர் இருந்தால் அது போய்விடும். பழையது பத்திரமாக இருக்கும். ஆப்பிளே இதில் சறுக்கியிருக்கிறது. 2001 நவம்பரில் வந்த ஐட்யூன்ஸ் 2 இன்ஸ்டாலர், ஹார்ட் டிஸ்குக்கு இடைவெளி விட்டுப் பெயர் வைத்திருந்த சிலருடைய டிஸ்கையே துடைத்துவிட்டது. அவசரமாக 2.0.1 வெளியிட வேண்டியதாயிற்று. பெயருக்கு நடுவில் இடைவெளி விடுபவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும்?

எண் கேட்கும் இடம் இன்னும் ருசியானது. தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று பைத்தானில் கேட்டு, ஃப்ளோட்டாக மாற்றி, 0க்குக் குறைந்தாலோ 100க்கு மேல் போனாலோ விரட்டிவிடுங்கள். பார்ப்பதற்கு இரும்புக் கதவுபோல இருக்கும். பயனர் என்-ஏ-என் என்று மூன்று எழுத்து அடித்தால், ‘எண் அல்ல’ என்ற பெயருள்ள அந்த மதிப்பையும் ஃப்ளோட் மனமுவந்து ஏற்றுக்கொள்ளும். அது எதையும் விடச் சிறியதுமில்லை, பெரியதுமில்லை. இரண்டு சோதனையையும் தாண்டி உள்ளே போய், மொத்த பில்லையும் ‘எண் அல்ல’ ஆக்கிவிடும்.

முழு எண்தானே வேண்டும், இலக்கமா என்று முன்கூட்டியே பார்த்துவிடலாமே என்பீர்கள். அதற்கென்று பைத்தானில் ‘இஸ்டிஜிட்’ இருக்கிறது. வர்க்கத்தைக் குறிக்கத் தலைக்கு மேலே சின்னதாகப் போடும் 2-ஐக் கொடுத்தால், இலக்கம்தான் என்று அது சான்றிதழ் தரும். அதை நம்பி ‘இன்ட்’டிடம் அனுப்பினால் ஸ்கிரிப்ட் அங்கேயே விழும். தமிழ் இலக்கங்களில் ௪௨ என்று அடித்தாலோ, இன்ட் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் 42 என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் பத்தைக் குறிக்கும் பழைய ௰ கொடுத்தால் கைவிரித்துவிடும். தமிழில் ஒன்பது வரை தெரிந்தால் போதும் என்று யூனிகோட் அட்டவணை முடிவு செய்திருக்கிறது.

பெயரைச் சரிபார்ப்பதில் மட்டும் கடுமை காட்டுங்கள். அழிக்கிற கமாண்டுக்கு இல்லாத கெடுபிடி மனிதருடைய பெயருக்கு அவசியம் வேண்டும்! எல்லாம் எழுத்துதானா என்று பைத்தானின் ‘இஸ்ஆல்ஃபா’விடம் கேளுங்கள். புள்ளி, கால், கொம்பு எதையும் அது எழுத்தாக மதிக்காது. ‘கனக’ தேறும், ‘கனகா’ தேறமாட்டார். ‘தமிழ்’ என்ற பெயரும் தேறாது. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பழைய ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’ போட்டாலும் பைத்தானில் இதே கதிதான். ‘கடைசிப் பெயர், குறைந்தது இரண்டு எழுத்து’ என்றும் ஒரு விதி வையுங்கள். அப்பா பெயரின் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளும் கூட்டம் மொத்தமும் வாசலிலேயே நிற்கும்.

ஹேக்கர்களுக்கும் ஏதாவது விட்டுவைக்க வேண்டுமே. பைத்தான் 2-இல் இன்புட் என்று எழுதினாலே பயனர் அடித்ததை நிரலாக ஓட்டிப் பார்க்கும். 2008-இல் வந்த பைத்தான் 3 அந்த வசதியைப் பிடுங்கிவிட்டது. ஈவல் இன்னும் கைவசம் இருப்பது ஆறுதல். பாஷில் அவ்வளவுகூட மெனக்கெட வேண்டாம். வந்தது எண்ணா என்று பார்க்காமல் மைனஸ் ஈக்யூ போட்டு ஒப்பிடுங்கள்; இரட்டைச் சதுர அடைப்புக்குள் அந்த ஒப்பீடே இன்புட்டுக்குள் ஒளிந்திருக்கும் கமாண்டை ஓட்டிவிடும்.

ஆனால், நிஜமாகவே சொல்கிறேன், நம் வீடு பற்றி எரிவது பெரும்பாலும் ஹேக்கரால் அல்ல, வேலை தெரிந்த நல்ல மனிதரால். 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற சேமிப்புச் சேவைக் குழுவில் ஒருவர், வழக்கமான கமாண்டை வைத்துச் சில சர்வர்களை மட்டும் கழற்றப் போனார். உள்ளிட்டதில் ஒன்று தவறிப்போய், நினைத்ததைவிட அதிகம் கழன்றது. வடக்கு வர்ஜீனியாவில் எஸ்3 சுமார் நான்கு மணி நேரம் தத்தளித்தது. பிரச்சினையை ஊருக்கு அறிவிக்கும் பலகையும் எஸ்3-ஐ நம்பியே இருந்ததால் அதையும் மாற்ற முடியவில்லை. பிறகு அமேசான் அந்தக் கருவியைத் திருத்தியது: மெதுவாகத்தான் கழற்றும், தேவையான குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக விடாது. எழுதுவதற்குச் சலிப்பூட்டும் இந்த வரம்பை உங்கள் ஸ்கிரிப்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை, எழுதிவிட வேண்டாம்.

‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று ஒரு கேள்வி வைத்தால் பொறுப்பானவர் என்ற பெயர் கிடைக்கும். வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ‘என்’ என்ற ஒற்றை எழுத்தை மட்டும் மறுப்பாக ஏற்றுக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் சம்மதமாக எடுத்துக்கொண்டால் போதும். பதறிப்போய்ப் பெரிய எழுத்தில் ‘நோ’ என்று அடித்தவரும் சம்மதித்தவரே. பிழைச் செய்தியில் ‘தவறான உள்ளீடு’ என்பதைத் தாண்டி எதையும் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக, ஸ்கிரிப்ட் எப்படி விழுந்தாலும் 0 என்றே முடிவுக் குறியீடு திருப்பி அனுப்புங்கள். இரவில் கிரான் இதை ஓட்டும்போது கண்காணிக்கும் கருவி, எல்லாம் நலம் என்று நினைத்துக்கொள்ளும். விஷயம் வெளியே வரச் சில மாதங்கள் பிடிக்கும். உங்கள் கம்பெனியில் நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.