பாண் கியூவின் பொற்காலம்

கொழும்பில் வளர்ந்த என் வயதுக்காரர் இரண்டு பேர் எங்கே சந்தித்துக்கொண்டாலும், அது வெள்ளவத்தைச் சந்தையாக இருந்தாலும் ஸ்காபரோவில் இடியாப்பக் கடையாக இருந்தாலும், சுகம் விசாரித்து முடிந்த கையோடு பாண் கியூ பற்றிய பேச்சு வந்துவிடும். "அந்த நாள் பாணின்ர ருசி இப்ப எங்க?" என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். அந்தப் பாணை நானும் தின்றிருக்கிறேன். கருகிய அடியும் வேகாத நடுவுமாக, சில நாள் சாக்குத் தும்பும் சேர்ந்து வரும். ருசி எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால், விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி வரிசையில் நின்றவனுக்குப் பாண் சுற்றிய பேப்பரும் ருசிக்கும் என்பேன்.

இளையவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 1970 தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கா, சந்திரனிலிருந்து என்றாலும் அரிசி கொண்டுவந்து தருவேன் என்று சொன்னதாக நாடு முழுக்கப் பேச்சு. மனிதன் சந்திரனில் கால்வைத்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம், நம்பக்கூடியதாகத்தான் இருந்தது. வென்றார். 1973 அளவில் உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறி, எண்ணெய் விலையும் ஏறி, திறைசேரியில் அந்நியச் செலாவணி இல்லாமல் போனது. இறக்குமதி கிட்டத்தட்ட நின்றது. சாப்பாட்டுக் கடைகளில் கிழமைக்கு இரண்டு நாள் சோறு விற்கக்கூடாது என்று சட்டம். சந்திரனிலிருந்து வந்தது வெளிச்சம் மட்டும்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் சாமிப் படங்களுக்குச் சமமாக மதிக்கப்பட்டது பங்கீட்டுக் கூப்பன் புத்தகம். பிள்ளையார் படத்துக்குப் பின்னால்தான் அதன் இருப்பிடம். வீட்டில் தீப்பிடித்தால் முதலில் எதைத் தூக்கவேண்டும் என்று அப்பா எங்களுக்குப் பாடம் எடுத்திருந்தார்: கூப்பன், காணி உறுதி, அதற்குப் பிறகு பிள்ளைகள். தங்கச்சி பிறந்தபோது சாதகம் எழுதுவதற்கு முன்னரே அவளுக்குக் கூப்பன் எடுக்க அப்பா கந்தோருக்கு ஓடினார். "கூப்பனோட வந்த மகாலட்சுமி" என்று கொட்டாஞ்சேனைப் பெரியம்மா நெற்றி வழித்தார். நான் பிறந்தபோது இப்படி ஒரு வரவேற்பு இருந்ததாகத் தெரியவில்லை.

கியூவுக்கு ஓர் இலக்கணம் இருந்தது. ஆள் நிற்காவிட்டால் கல்லு வைக்கலாம், பழைய பை வைக்கலாம், உடைந்த குடை வைக்கலாம். எங்கள் ஒழுங்கைக்காரர்கள் எல்லோருக்கும் சொந்தமாக ஒரு கல்லு உண்டு. யாருடைய கல்லு எது என்று எல்லோருக்கும் தெரியும். மழை பெய்தால் கல்லை நனையவிட்டு ஆட்கள் கடைத் தாழ்வாரத்தில் நின்று அரசியல் பேசுவார்கள். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலாய்க்காரர், தேவாலயத்துக்குப் போகும் உடுப்போடு ஒரு பறங்கிக் கிழவி எல்லோரும் அதில் அடக்கம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் முக்கால்வாசி அங்கே படித்ததுதான். ஆகையால் இன்றைக்கும் 'தள்ளாதே', 'நான்தான் முதல்', 'எத்தனை இறாத்தல்' போன்ற வசனங்கள் என் வாயில் சுத்தமாக வரும். மிச்சச் சிங்களம் தடுமாறும்.

பாண் முடிந்துவிட்டால் மரவள்ளிக்கிழங்கு. பாண் முடிவது வழக்கம் என்பதால் மரவள்ளியும் வழக்கம். அவித்த மரவள்ளி, மரவள்ளிக் கறி, மரவள்ளிப் பிட்டு, ஒரு தடவை அம்மா உளுந்து கிடைக்காத கோபத்தில் செய்த மரவள்ளி வடை. உள்ளூர் உற்பத்தியைப் பெருக்குவோம் என்று மேடைகளில் முழங்கியவர்கள் வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டார்கள் என்ற சந்தேகம் எனக்கு அப்போதே உண்டு. மரவள்ளியோடு ஓர் ஆபத்தும் சேர்ந்து வந்தது. மரவள்ளி தின்றவன் இஞ்சி தொடக்கூடாது, தொட்டால் விஷம் என்பது இலங்கையில் எல்லா இனத்தவரும் கருத்து வேற்றுமையின்றி ஏற்றுக்கொண்டிருக்கும் ஒரே விஷயம். இதனால் எனக்கு வந்த நட்டம் கொஞ்சமல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் இ.போ.ச. பஸ்ஸில் புறக்கோட்டை போய், அங்கே மாறிக் கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டுக்குப் போவோம். மாடி பஸ் வந்தால், மேல்தட்டின் முன் சீற்றுக்காக எனக்கும் அண்ணாவுக்கும் காலி வீதி முழுக்கச் சண்டை நடக்கும். பெரியம்மா எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் போத்தலைத் திறந்து, கிளாசில் ஊற்றி, என் கையில் தருவதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்:

"காலமை என்னடா சாப்பிட்டனி?"

பொய் சொல்ல எனக்கு வாய் வராது. அண்ணாவுக்கு வரும். அவன் "பாண்" என்று சொல்லிவிட்டு என் கிளாசையும் சேர்த்துக் குடிப்பான். அவனும் அதே மரவள்ளியைத்தான் தின்றிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. விஞ்ஞானத்தில் எனக்கு முதல் நம்பிக்கை பிறந்தது அந்த வீட்டு விறாந்தையில்தான்.

அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்தது. வழியில் மறித்துச் சோதிப்பார்கள். எங்கள் அம்மம்மா யாழ்தேவியில் வரும்போது, சட்டத்தை மதிக்கும் முதியவராகக் கையில் ஒரு செபமாலையும்—அவர் சைவம், மாலை பக்கத்து வீட்டு மேரி மாதா பக்தையிடம் கடன் வாங்கியது—தலைக்கு ஒரு தலையணையுமாக வருவார். அந்தத் தலையணைக்குள் இருந்தது குத்தரிசி. வவுனியாவில் சோதனைக்கு ஏறியவர்கள் அவருடைய பக்தியைக் கலைக்க விரும்பாமல் இறங்கிப்போனார்களாம். கோட்டை ஸ்டேஷனில் அந்தத் தலையணையைத் தூக்கிய அப்பாவின் கை இறங்கிய இறக்கத்தைப் பார்த்திருந்தால் பக்கத்தில் நின்ற போர்ட்டருக்கே விஷயம் விளங்கியிருக்கும். வெள்ளவத்தையில் இறக்கி வைத்தபோது அம்மம்மா சொன்ன முதல் வார்த்தை, "கழுத்து வலிக்குது மோனே."

சீனி கிழமைக்கு அளந்து வரும். பிளேன்ரீயில் கரைப்பது வீண் செலவு என்று உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்போம். உடுப்புக்குச் சலுசல. அரசாங்கத் துணிக்கடை என்பதால் ஒரு தீபாவளிக்கு ஒரே பூப்போட்ட சீத்தை ஊருக்கே கிடைத்தது. எனக்கும் அண்ணாவுக்கும் சேட்டு, தங்கச்சிக்குச் சட்டை, மிஞ்சியதில் யன்னல் திரை. எதிர்வீட்டிலும் அதுவே. அன்று எடுத்த படத்தில் தங்கச்சி எங்கே நிற்கிறாள், திரை எங்கே தொங்குகிறது என்று இன்றுவரை எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு.

இந்திய சஞ்சிகைகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. உள்ளூர் எழுத்தாளர்களுக்கு அது நல்ல காலம் என்று பிற்பாடு விளங்கியது. அப்போது எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது துக்க காலம். தொடர்கதையில் கதாநாயகி மாடியிலிருந்து விழுந்த இடத்தில் இதழ் நின்றுவிட்டது. அவளுக்கு என்ன நடந்தது என்று அம்மா பல வருடம் கவலைப்பட்டார். அப்பா மட்டும் சிவஞானசுந்தரத்தின் 'சிரித்திரன்' பக்கங்களைப் புரட்டித் தனியே சிரித்துக்கொண்டிருப்பார்.

தட்டுப்பாடு இல்லாமல் கிடைத்த ஒரே பொருள் ரேடியோ நிகழ்ச்சி. ரேடியோ வைத்திருக்க லைசன்ஸ் எடுக்கவேண்டும் என்பது வேறு விஷயம். சைக்கிளுக்கு லைசன்ஸ், நாய்க்கு லைசன்ஸ், ரேடியோவுக்கு லைசன்ஸ். பிள்ளைகளுக்கு மட்டும்தான் இல்லாதிருந்தது. அறிவிப்பாளர் மயில்வாகனனின் காலத்தை அப்பா புகழ்வார். எங்களுக்குக் கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். தமிழ்நாட்டுக்காரரே இலங்கை வானொலியைத் திருப்பி வைத்துக்கொண்டு சமைத்த காலம் அது. ஆனால் எங்கள் குடும்பத்தில் அந்த ரேடியோ செய்த வேலையை நான் சொல்லாவிட்டால் கொட்டாஞ்சேனைக் கிளை என்னை மன்னிக்காது.

பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சிக்கு ஒரு தபாலட்டை போட்டால், பிள்ளையின் பெயரையும் வாழ்த்துவோரின் பெயர்களையும் வாசிப்பார்கள். என் பிறந்தநாளுக்கு அப்பா அட்டை எழுதினார். அப்பா கணக்காளர், எதையும் ஒழுங்கு தவறாமல் செய்பவர். யாழ்ப்பாணத்தில் தன் அம்மா அப்பாவிலிருந்து தொடங்கி, மூத்த அக்கா, அத்தான், அவர்களின் பிள்ளைகள், இளைய அக்கா என்று தன் பக்கத்தை மூப்பு வரிசையில் எழுதிவந்தபோது அட்டை முடிந்துவிட்டது. இன்னொரு அட்டை வாங்கியிருக்கலாம். அவர் கணக்காளர் என்று சொன்னேனே. கடைசி வரியில் "மற்றும் கொட்டாஞ்சேனை உறவினர்" என்று எழுதி, டொரிங்டன் சதுக்கத்து வானொலி நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்.

பெரியம்மா அன்று காலை தன் வீட்டுக்கு அயல் முழுவதையும் அழைத்திருந்தார். அறிவிப்பாளர் வாசிக்க வாசிக்க, யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒருதரம்கூடக் கண்டிராத ஒன்றுவிட்ட அத்தை வரையில் பெயர் வந்தது. அதன் பின் 'மற்றும்'. அதன் பின் பாட்டு.

அடுத்த ஞாயிறு பெரியம்மா ஜிஞ்சர் பியர் திறக்கவில்லை. அப்பாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, எனக்குப் பெத்தவை ஒரு பேர் வைச்சவை. 'மற்றும்' எண்டு வைக்கேல்லை."

அப்பா சமாதானத்துக்காகத் தங்கச்சியின் பிறந்தநாள் அட்டையில் பெரியம்மாவின் பெயரை முதலில் போட்டார். இடம் காணாமல் அந்தமுறை தன் அம்மாவை 'மற்றும்' ஆக்கினார். யாழ்ப்பாணத்திலும் ரேடியோ தெளிவாகக் கேட்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. அப்பாச்சியிடமிருந்து தந்தி வந்தது. அதன் வாசகத்தை எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன வந்தார், கதவு திறந்தது. நடைபாதையில் அப்பிள், கடைக் கண்ணாடிக்குள் ஜப்பான் கசற் ரெக்கோடர். 1979 ஏப்ரலில் தொலைக்காட்சியும் வந்தது. பாண் கேட்டதும் கிடைத்தது, அண்ணா உடனே அதன் ருசி போய்விட்டது என்றான்.

1983 யூலைக் கலவரத்தில் எங்கள் வீடும் ஒழுங்கையில் இன்னும் பல வீடுகளும் எரிந்தன. அப்பா எடுத்த பாடத்தில் இருந்த எதையும் தூக்க நேரம் இருக்கவில்லை. எதிர்வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களைத் தங்கள் பின் அறையில் வைத்திருந்தது. பிறகு முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. அதை நகைச்சுவையாக எழுத எனக்கு வராது. சில வருடம் கழித்து நாங்கள் வெள்ளவத்தைக்கே திரும்பி வந்தோம் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

பழைய பொருட்கள் திரும்பி வராதா என்று ஏங்குபவர்களுக்கு 2022இல் வரம் கிடைத்தது. எல்லாம் ஒருமிக்கத் திரும்பி வந்தன. காஸுக்குக் கியூ, மண்ணெண்ணெய்க்குக் கியூ, பெற்றோலுக்கு நாட்கணக்கில் கியூ. பால்மா இல்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மேல் மாகாணத்தில் காகிதம் இல்லாமல் பள்ளித் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். கூப்பன் புத்தகம் கியூஆர் குறியீடாக மறுபிறவி எடுத்துக் கைத்தொலைபேசிக்குள் வந்து, கிழமைக்கு இத்தனை லீற்றர் பெற்றோல் என்றது. கல்லு வைத்த இடத்தில் இப்போது சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டிய காஸ் சிலிண்டர்கள்.

எங்கள் தலைமுறைக்கு அது அனுபவம் பேசும் வேளை. குடை, தண்ணீர்ப் போத்தல், மடக்குக் கதிரையோடு நான் போய் நின்ற விதத்தைப் பார்த்துப் பின்னால் நின்ற பெடியன், "அங்கிள், உங்கட காலத்திலயும் இப்பிடியா?" என்று கேட்டான். ஓம் என்றேன். "அப்ப ஏன் அந்தக் காலம் நல்லா இருந்தது எண்டு எல்லாரும் சொல்லுறீங்கள்?" என்றான். வரிசை அசைந்ததால் நான் கதிரையைத் தூக்கவேண்டியிருந்தது.

அந்தக் காலம் நன்றாக இருக்கவில்லை என்பதே என் தீர்ப்பு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தோம், கவலைப்படுவதற்குப் பெரியவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். விடியற்காலை நாலு மணிக்கு என்னை எழுப்பத் தான் மூன்றரைக்கு எழும்பியதை, அம்மாவிடம் கேட்டால் சொல்வார். அவர் பாணின் ருசி பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

இப்போது கொழும்பின் பெரிய ஹோட்டல்களில் காலைச் சாப்பாட்டு மேசையில், மண்சட்டியில், வாழையிலை விரித்து, பாரம்பரிய உணவு என்ற பெயரில் அவித்த மரவள்ளியைக் கட்டச்சம்பலோடு வைக்கிறார்கள். வெள்ளைக்காரர் படம் எடுக்கிறார்கள். நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: என்னைச் சாப்பிட அழைப்பவர்கள் தயவுசெய்து அந்த மேசைக்குக் கூட்டிப்போகவேண்டாம். கூட்டிப்போனால், வரும்போதே இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவேன்; எந்த இனத்தவரும் அதற்குமேல் வற்புறுத்தமாட்டார்கள்.