டிரம்மில் நின்ற டீசல்

எண்பதுகளில் எங்கள் ஊர் மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது டீசல் வாடைதான். மூலையில் இருநூறு லிட்டர் டிரம். ரப்பர் குழாயில் வாய் வைத்து உறிஞ்சிக் கேனில் இறக்குவார் அப்பா. புனலில் பழைய வேட்டித் துணியைப் போட்டு வடிகட்டி, ஆயில் இன்ஜின் டேங்க்கில் ஊற்றுவார். துணியில் துருவும் கசடும் தங்கும். அதை உதறிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். டீசல் கெட்டுப்போகும் என்று அந்தக் கொட்டகையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சொல்லத் தேவையும் இருக்கவில்லை. ஐந்து குதிரைத்திறன் இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். குறுவை நடவு சமயத்தில் பகலெல்லாம் ஓடும். அந்தக் கணக்கில் ஒரு டிரம் மூன்று வாரம் வந்தாலே அதிகம். கெடுவதற்கு முன் தீர்ந்துவிடும். இன்ஜினும் எதையும் தாங்கும் ரகம். நாசிலில் டீசல் பீய்ச்சும் அழுத்தம் சுமார் 200 பார்தான். கொஞ்சம் அழுக்கு போனாலும் கரும்புகையாகத் தள்ளிவிட்டு ஓடும்.

இன்று டீசல் சுத்தமாகிவிட்டது. 2000-ல் பத்து லட்சம் பங்கு டீசலில் 2,500 பங்குவரை கந்தகம் இருக்கலாம் என்றிருந்தது. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுதும் அந்த வரம்பு 10 பங்கு. நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கு இது பெரிய நன்மை. அதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. ஆனால் சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜனைக் கொண்டு கந்தகத்தை நீக்கும்போது, காற்றுப் பட்டு எண்ணெய் பிசினாகாமல் தடுக்கும் இயற்கைச் சேர்மங்கள் சிலவும் கூடவே போய்விடுகின்றன. இன்ஜினும் அன்றைய இன்ஜின் இல்லை. காமன் ரெயில் என்ற புது முறை வந்தபின் டீசலைப் பீய்ச்சும் அழுத்தம் 1,600, 2,000 பார் என்று ஏறிவிட்டது. இன்ஜெக்டருக்குள் உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கு. அப்பாவின் துணியில் தங்கியதில் ஒரு துளி போதும், அதைப் பாழாக்க.

இலவச மின்சாரம் வந்ததும் ஆயில் இன்ஜின் ஓரங்கட்டப்பட்டது. 2012 மின்வெட்டுக் காலத்தில் மண்டபம், ஆஸ்பத்திரி, அரிசி ஆலை என்று எங்கும் ஜெனரேட்டர். தினமும் ஓடியதால் அதன் டேங்க்கில் டீசல் பழசாக நேரமே இல்லை. கரண்ட் ஒழுங்கானபின் அந்த டேங்க்குகள் மாதக்கணக்கில் சும்மா நின்றன. கெடுதல் அப்போதுதான் தொடங்கியது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. குடிநீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒரு மண்டபத்து ஜெனரேட்டரைக் கேட்டு வாங்கி வந்தார்கள். இரண்டு நிமிடம் ஓடி நின்றது. மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றினால், உள்ளே கறுப்பாக, பாசிபோல வழவழவென்று ஒன்று அப்பியிருந்தது. “எப்ப ஊத்துன டீசல்ண்ணே இது?” என்று கேட்டார். யாருக்கும் நினைவில்லை. குடத்தோடு வந்த பெண்கள் பொழுது சாயும்வரை காத்துக் கிடந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அந்த வழவழப்பு எங்கிருந்து வந்தது? பாதி காலியான டேங்க் இரவில் குளிரும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஈரம் சுவரில் நீராகப் படிந்து அடியில் இறங்குகிறது. நீரும் எண்ணெயும் சந்திக்கும் கோட்டில் பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறுகின்றன. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்றே பெயர் வாங்கிய ஒன்று உண்டு. அவை விடும் அமிலம் டேங்க்கையே அரிக்கும்.

பழைய டீசல் தானாக வெடிக்கும் பொருளாக மாறிவிடுவதில்லை. அடைபட்ட ஃபில்டரும், அவசரத்தில் கைவிடும் இன்ஜினும்தான் ஆபத்து. இருபது டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் நிற்கும் டீசல், முப்பதைத் தாண்டினால் ஆறு மாதத்திலேயே கெடத் தொடங்கலாம். நம் ஊர் வெயிலுக்கு ஆறு மாதம் என்றே கணக்கு வைப்பது நல்லது. சந்தேகம் வந்தால் டேங்க்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கலாக இருந்தால், அடியில் நீர் பிரிந்தால், கறுத்துப்போய்ப் புளித்த வாடை அடித்தால் இன்ஜினுக்குக் காட்டவே கூடாது. பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ கலந்து ‘சரிசெய்யும்’ பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கெட்டது கெட்டதுதான், கடையில் விற்கும் மருந்து பூஞ்சையைக் கொல்லுமே தவிர, செத்த கசடை நாம்தான் கழுவி எடுக்க வேண்டும். வடித்ததை வாய்க்காலில் கொட்டாமல், மூடிய கேனில் வைத்து, கழிவு எண்ணெய் எடுக்க உரிமம் உள்ளவரிடம் கொடுக்க வேண்டும்.

துத்தநாகம் பூசிய வாளியும் செம்புக் குழாயும் டீசலுக்கு ஆகாது. அந்த உலோகங்கள் அது கெடுவதை வேகப்படுத்தும். நிழலில் வைத்து, காற்றுக்கு இடம் குறைவாக நிரப்பி, இறுக மூட வேண்டும்.

கஜாவுக்குப் பிறகு என் தங்கை மகன் புரட்டாசியில் இரண்டு கேன் டீசல் வாங்கி, பெயின்ட்டால் தேதி எழுதி வைக்கிறான். மாதம் ஒருமுறை ஜெனரேட்டரை வெறுமனே ஓட விடாமல் மோட்டாரை மாட்டி ஓட்டுகிறான். தை பிறந்ததும் கேனில் மிஞ்சியதை டிராக்டரில் ஊற்றித் தீர்த்துவிடுவான். மறுபடி வாங்குவது அடுத்த புரட்டாசியில்தான்.